ஆறடிக்கு வெள்ளைச் செவ்வந்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆக்லாந்தில் நல்ல சுகத்தோடு, பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கு, இங்கே மாட்டுங்காவில் சவப்பெட்டிப் பூவுக்கு ஆர்டர் கொடுத்த முட்டாள் நான்தான். அட்வான்ஸும் கொடுத்தேன். "நல்லா அடர்த்தியா இருக்கட்டும், கஞ்சத்தனம் பண்ணிராதிய" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, ரயிலிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கிய கதையைப் படித்துவிட்டு, இதற்குமேல் ஒரு மனிதன் அசடு வழிய முடியாது என்று காட்கோபர் வாசகர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐயா, அவசரப்படாதீர்கள். செருப்பு சும்மா ஒத்திகை.

பூக்கடையில்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முந்தின காலை. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய பூக்கடைச் சந்து. ஈரச் சாக்கு வாசனையும் நிலசம்பங்கி வாசனையும் பக்கத்து ஓட்டலின் காப்பி வாசனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் இடம் அது. கடைக்காரர் வேலாயுதம் பலகைமேல் சம்மணமிட்டிருந்தார். கண் போனில், விரல் நாரில். பார்க்காமலே கட்டுகிற ஆள்.

"வாங்க அண்ணாச்சி. மாலையா, சரமா?"

"ரெண்டும் இல்ல. ஆறடி நீளத்துக்கு, ரெண்டடி அகலத்துக்குப் பரப்பி வைக்கிற மாதிரி வேணும். இந்த சீசன் பூவா இருக்கணும். பிளேன்ல வர்ற பூ வேண்டாம்."

விரல் நின்றது. "என்ன கலர்?"

"வெள்ளை."

"சர்ச்சுக்காரங்களா?"

"ஆமா."

வேலாயுதம் போனைக் கவிழ்த்து வைத்தார். கிரிக்கெட் ஓடும்போது எம்.எல்.ஏ. வந்தாலும் போனைக் கவிழ்க்காதவர் என்று அந்தச் சந்தில் அவருக்குப் பெயர்.

"வீட்ல வேற யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டுந்தான். வீட்டுக்காரி இல்லாம இதான் மொத கிறிஸ்துமஸ்." சொல்லி முடிப்பதற்குள் மூக்கை உறிஞ்சிவிட்டேன். பூ வாங்க வந்த இடத்தில் இது என்ன கூத்து என்று இருமிச் சமாளித்தேன்.

"மனசத் தேத்திக்குங்க அண்ணாச்சி. நாலு பக்கமும் தொங்குற மாதிரி விடவா?"

"விடுங்க, நல்லாருக்கும்."

"நடுவுல சிகப்பு ரோஜால சிலுவை?"

கிறிஸ்து பிறந்த நாளுக்குச் சிலுவையா என்று ஒரு கணம் வேதசாஸ்திரம் யோசித்தேன். பிறந்ததே அதற்குத்தானே என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டு, "போடுங்க" என்றேன். எவ்வளவு இங்கிதமான மனுஷன், ஒரு மேஜை அலங்காரத்துக்கு இத்தனை பரிவா என்று நெஞ்சு நெகிழ்ந்து வடை சாப்பிடப் போனேன்.

பிற்பாடு அவரைப் பிடித்துக் கேட்டபோது நிதானமாகச் சொன்னார்: "எங்கிட்ட சர்ச்சுக்காரங்க வர்றது ரெண்டுக்குத்தான் அண்ணாச்சி. ஒண்ணு கல்யாணக் காரு. இன்னொண்ணு பெட்டி. நீங்க மாப்பிள்ளை மாதிரியும் தெரியல."

'உங்கம்மா இஷ்டம்'

நான் எதற்காக அங்கே போய் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி பெயர் எப்சிபா. எங்கள் ஒரே மகள் பிரிசில்லாவுக்கு ஆக்லாந்தில் பிள்ளைப்பேறு. மழை விடுவதற்கு முன்பே எப்சிபா விமானம் ஏறிவிட்டாள். ஜனவரியில் திரும்புவதாக டிக்கெட். நான் வழியனுப்பிவிட்டு, செம்பூர் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, "எப்சி, தண்ணி கொண்டா" என்றேன். ஃபிரிஜ் மட்டும் 'ம்' என்றது.

தாராவியில் பட்டன் கடை வைத்திருக்கிறேன். தையல் பட்டறைகளுக்கு பட்டன், ஜிப், கொக்கி. பகலெல்லாம் வாயாடி வாயாடிப் பொழுது போய்விடும். சாயங்காலம் வீடு திரும்பினால் கொடியில் அவளுடைய வீட்டுச் சேலை ஒன்று காய்ந்தபடியே இருக்கும். அவள் போன அன்று காயப் போட்டது. நான் எடுக்கவில்லை. மடிக்கத் தெரியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பட்டன்காரனுக்குச் சேலை மடிக்கத் தெரியாதா?

டிசம்பர் தொடக்கத்தில் பிரிசில்லா வீடியோவில் வந்தாள். "அப்பா, அம்மா டிக்கெட்ட ஆறு மாசம் தள்ளிப் போட்டுரலாமான்னு பாக்குறோம். நான் வேலைக்குத் திரும்பணும். நீங்க சமாளிச்சுக்குவீங்கதானே?"

பின்னால் எப்சிபா நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

நான் சொன்னேன்: "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். உங்கம்மா இஷ்டம்."

சொல்லிவிட்டு, கருகிப்போன ரசத்தைச் சுரண்டப் போனேன். ரசம் கருகுமா என்று கேட்காதீர்கள். கருகும். மறந்துவிட்டால் எதுவும் கருகும்.

'வந்துவிடு' என்று சொல்ல நாக்கு வரவில்லை. பிள்ளை பெற்ற மகளிடமிருந்து அவள் தாயைப் பிடுங்கலாமா? அதனால், வாயால் சொல்லாமல் அவளை வரவழைக்க ஒரு சதித்திட்டம் தீட்டினேன். முதல் யோசனை, பரிதாபத்துக்குரியவனாகக் காட்சி தருவது. தாடி விட்டுப் பார்த்தேன். "நல்லாருக்கு, அப்படியே வச்சுக்கிடுங்க" என்றுவிட்டாள். இரண்டாவது யோசனை, அவளுக்கு மும்பை ஏக்கத்தைக் கிளப்புவது. எங்கள் கிறிஸ்துமஸ் மேஜையை அவள் செய்வதுபோலவே செய்து காட்டினால் மனம் கரையும், பெட்டியைக் கட்டுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் எப்படிச் செய்வாள் என்பது எனக்குத் தெரியாது என்கிற சின்னக் குறை ஒன்றுதான்.

தலைக்கு ஆகாது, மேசைக்கு ஆகும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எப்சிபா வீட்டார் பூ வைக்காத குடும்பம். அவர்கள் சபையில் பெண்கள் நகை போட மாட்டார்கள், தலையில் பூ வைக்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா அதைத்தான் முதலில் சொன்னார். எங்கள் வீட்டிலோ பெண்களுக்குக் கொண்டையைவிடப் பூச்சரம் பெரிதாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரும் நகை போட வேண்டாம் என்றதும் என் அப்பாவின் முகத்தில் ஓர் ஆன்மிக ஒளி தோன்றியது. கல்யாணம் உடனே முடிவாயிற்று.

அந்த முதல் டிசம்பரில், புது மாப்பிள்ளை மிடுக்கில், இலையில் பொதிந்து டிசம்பர் பூ வாங்கி வந்தேன். ஊதா நிறம். மணமே கிடையாது. தொட்டால் ஈரப் பட்டுத்துணி மாதிரி இருக்கும். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இந்த மாதத்தில் அவளைத் தவிர எல்லாப் பெண்கள் பின்னலிலும் இந்தப் பூ இருக்குமாம். அவள் கோபித்துக்கொண்டதாக நினைத்து ஏதோ உளறினேன்.

"ஏன் பயப்படுதிய? தலைக்குத்தான் ஆகாது. மேசைக்கு ஆகும்" என்றாள்.

ஆனால் எங்களிடம் மேசை ஏது? தாராவியில் மாடி அறை. ஏறுவதற்கு ஏணிப்படி. கீழே ஒரு தையல் பட்டறை. பண்டிகை நாளில் பட்டறைக்கு விடுமுறை விட்டு, துணி வெட்டுகிற மேஜையை எங்களுக்கு இரவல் கொடுப்பார் முதலாளி. ஏணியில் அது ஏறாது. ஆகவே நாங்கள் இறங்கினோம். சுற்றிலும் துணிமூட்டை, தலைக்கு மேல் சட்டைக் கைகள் தொங்க, அந்தச் சந்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அந்த மேஜையில்தான் பிரியாணி சாப்பிட்டோம். பலகைமேல் சாக்பீஸ் கோடுகள் அழியாமல் இருந்தன. எப்சிபா என் கடைப் பட்டன் பாட்டில்களைக் காலி செய்து, தண்ணீர் ஊற்றி, அந்தக் கோடு போகிற வழியிலேயே வரிசையாகப் பூ வைத்தாள். தைக்காமல் விட்ட ஒரு சட்டையின் நடுவில் தோட்டம் போட்ட மாதிரி இருந்தது.

பட்டறை மூடியபோது அந்த மேஜையை நாங்களே வாங்கிக்கொண்டோம். செம்பூர் வீட்டுக்கு வந்தபோது முதலில் வந்தது அதுதான். ஆறடி. லிஃப்டில் வராமல் நாலு பேர் தோளில் வந்தது. அப்போதே வாட்ச்மேன் ஒருமாதிரி பார்த்தார். அந்த வீட்டின் ராசி அப்படி.

ஊர்ப் பெயரா, ஏர்போர்ட் பெயரா

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எப்சிபாவுடன் பூச்சந்தைக்குப் போவது ஒரு தண்டனை. ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி கேட்பாள்: "இது எங்கேருந்து வருது?"

நாசிக், ஜுன்னர், சாத்தாரா என்று ஊர்ப் பெயர் சொன்னால் குனிந்து பார்ப்பாள். சிங்கப்பூர், பாங்காக் என்று ஆரம்பித்தால் நிமிர்ந்துவிடுவாள்.

"ஏர்போர்ட்டு பேரு சொல்லுதாம்பாருங்க. நம்ம மேசைக்கு வரதுக்கு முன்னாடியே அது ஊரு சுத்தி அலுத்துப் போயிருக்கும். நமக்கு எதுக்கு?"

எனக்கு அந்த நீளத் தண்டு வைத்த லில்லிப் பூக்கள்மேல் ஒரு கண். பணக்கார ஓட்டல் வாசலில் நிற்கிற பூ. ஒரு வருஷம் கெஞ்சி வாங்க வைத்தேன். அதன் மகரந்தம் விரிப்பிலும் என் வெள்ளைச் சட்டையிலும் மஞ்சளாக ஒட்டி, சர்ச்சில் போதகர் ஐயர் என்னைப் பார்த்து, "பிரியாணி முடிஞ்சுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பரில் இந்தப் பக்கம் என்ன பூக்கிறதோ அதுதான் அவளுக்கு. செவ்வந்தி, ஆஸ்டர், துலுக்கச் சாமந்தி. ஜன்னல் கிரில்லில் அவளே தொட்டி வைத்து வளர்க்கும் டிசம்பர் பூ. பச்சைக்கு ஏதோ இலைகள். மாவிலை மாதிரி இருக்கும், கூடவே வேறு நாலு விதமும் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டதே இல்லை. மனைவி வைத்தால் இலை வந்துவிடும் என்பது என் தாவரவியல்.

"எல்லாம் முடிஞ்சதும் செடி தொட்டியிலயே உரமாப் போட்டுரலாம். குப்பைக்காரனுக்கு ஒரு சாமந்தியும் கொடுக்கக் கூடாது" என்பாள்.

பிரிசில்லாவிடம் மேஜையை நான் செய்யப்போவதாகச் சொன்னதும் அவள் எச்சரித்தாள். "சஸ்டெயினபிளா பண்ணுங்கப்பா."

"அப்படின்னா?"

"பூமிக்குப் பாரம் ஆகாம."

"நானே பாரந்தானம்மா."

"அப்பா! பச்சையா பஞ்சு மாதிரி இருக்குமே, அதுல பூ குத்தி வைக்காதீங்க. அது மக்கவே மக்காது. ஜிகினா வேண்டாம். அந்தந்த மாசத்துப் பூ வாங்குங்க. அம்மா செய்யற மாதிரியே செஞ்சாப் போதும்."

போதுமாம். அதைத்தானே நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டாக்ஸி மெதுவாகப் போனது

இருபத்து நாலாம் தேதி காலை வேலாயுதம் கடைக்குப் போனேன். மூங்கில் தட்டியின்மேல் பச்சைப் பஞ்சு, அதன்மேல் அடர்த்தியான வெள்ளைச் செவ்வந்தி, நடுவில் ரோஜாச் சிலுவை, நாலு பக்கமும் சம்பங்கிச் சரம் தொங்கியது. கஞ்சத்தனமே இல்லை. 'சாதர்' என்று அவர்கள் தொழிலில் சொல்வார்களாம், போர்வை என்று அர்த்தம். யாரைப் போர்த்த என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மேஜைக்குப் போர்வை மாதிரிதானே என்று நினைத்தேன். மகள் வேண்டாம் என்ற பஞ்சு இருக்கிறதே என்பதுதான் என் கவலை.

டாக்ஸியின் கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். அதன்பின் சயான் சிக்னலில்கூட ஹார்ன் அடிக்கவில்லை. மும்பையில் ஹார்ன் அடிக்காத டாக்ஸியில் போவது மிகவும் பயங்கரமான அனுபவம். பின்னால் வந்த பைக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். பதிலுக்கு நான் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' என்று கையாட்டினேன். அவன் முகம் போன போக்கு!

எங்கள் பில்டிங் வாசலில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேர் ஓடிவந்து, நான் கேட்காமலே தட்டியைப் பிடித்தார்கள். மெல்ல, மிக மெல்லப் படியேறினார்கள். ஹாலில் அந்த ஆறடி மேஜைமேல் இறக்கினார்கள். அளவு கச்சிதம். அவர்கள் அந்த மேஜையின் பக்கத்தில் தலைகுனிந்து ஒரு நிமிஷம் நின்றார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வேலாயுதத்தின் பரிவு, நாலு பக்கத் தொங்கல், சிலுவை, டாக்ஸி, பைக்காரன்.

விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். வாசகர்களுக்கு என் சுபாவம் தெரியும். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது மாடி ஷோபா வஹினி கையில் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. எப்சிபாவும் அவரும் அந்தக் காலத்திலிருந்தே கூட்டாளிகள். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று டீ போட்டு எடுத்து வந்திருக்கிறார்.

"கப் ஹுவா, பாய் சாப்?" எப்போது ஆயிற்று என்று கேட்டபடியே டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் போட்ட டீ. எப்சிபா போடுகிற அதே வாசனை. இரண்டு பேருக்கும் ஒரே தொட்டிப் புல்தான். மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வாசனை இந்த ஹாலுக்கு வந்ததே இல்லை.

'இல்லை வஹினி, அவள் உயிரோடு இருக்கிறாள்' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அது வரவில்லை. டம்ளரைப் பிடித்தபடி நான் அழுதேன். சத்தமாக, மூக்குச் சிந்தி, வெட்கமில்லாமல். உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்காக, அவளுடைய பெட்டிப் பூவின் பக்கத்தில் நின்று, இந்த மும்பையில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஷோபா வஹினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். அவருக்கு முன்னால் விஷயம் போனில் போய்விட்டது.

பில்டிங் குரூப்

நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள், பில்டிங் வாட்ஸாப் குரூப்பில் மெழுகுவர்த்திகள் எரிய ஆரம்பித்தன. கூப்பிய கைகள். ஓம் சாந்தி. 'எப்போதும் சிரித்த முகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் எப்சிபாவைப் பார்த்ததே இல்லை என்பது உறுதி. துக்கத்துக்கு வருகிறவர்கள் வண்டிகளை வெளியே நிறுத்தவும் என்று செக்ரட்டரி போட்டிருந்தார்.

அந்தக் குரூப்பில் எப்சிபாவும் இருக்கிறாள்.

போன் அடித்தது. வீடியோ. அங்கே சாயங்காலம், ஆனால் நல்ல வெயில். ஆக்லாந்தில் கிறிஸ்துமஸ் கோடைகாலத்தில் வருகிறது. அவள் பின்னால் ஏதோ ஒரு மரம் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது.

"ஏங்க, நான் எப்ப செத்தேன்?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. முதலில் கோபம், பிறகு உதட்டைக் கடித்தாள், அதன்பின் போனைக் கீழே போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கூரையும், இருமலோடு கலந்த சிரிப்புச் சத்தமும் மட்டும் வந்தன.

"மூணாவது மாடிக்காரரு என்னத் தங்கமான மனுசின்னு போட்டிருக்காரு" என்றாள் மூச்சு வாங்கியபடி. "தண்ணி டேங்குக்கு எங்கூட அம்புட்டு சண்டை போட்டவரு. இதுக்காகவே ஒருவாட்டி சாகலாம் போல."

"சும்மா கெட."

"அழுதியளாமே?"

"யாரு சொன்னா?"

"வஹினி எழுதியிருக்காவ."

"டீ ரொம்பச் சூடா இருந்துச்சு."

"ம்" என்றாள். அந்த 'ம்' நீளமாக இருந்தது. அவள் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். நானும் ஏதோ சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன். இடையில் பேரன் அழுதான். பிரிசில்லாவின் முகம் திரைக்குள் வந்தது.

"அப்பா, டிக்கெட் விஷயம். மாத்துறதா இருந்தா நாளைக்குள்ள மாத்தணும். நாளைக்குப் பேசலாம், சரியா?"

"சரிம்மா" என்றேன். ராஜா மாதிரி.

மேஜை

ஷோபா வஹினியிடம் உண்மையைச் சொல்லப் படியிறங்கினேன். கேட்டுவிட்டு என்னை மராத்தியில் திட்டினார், அப்புறம் இந்தியில் திட்டினார், அப்புறம் சிரித்தார். திட்டியதற்குப் பாதி காரணம் வீணாய்ப்போன அவருடைய கண்ணீர்.

"மேஜைக்கு இலை வேண்டாமா உனக்கு?" என்றார் திடீரென்று.

பால்கனியில் ஒரு வாளி. வாளித் தண்ணீரில் கட்டுக் கட்டாக இலைகள். மாவிலை, கூடவே வேறு நாலு விதம். மார்கழி பிறக்கிற சமயத்தில் மராத்திப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் லட்சுமி பூஜை வைப்பார்கள். கலசத்துக்கு ஐந்து மரத்து இலை வேண்டும். தெருவில் கட்டாக விற்பார்கள். வியாழன் முடிந்தால் மிச்சக் கட்டுகளை யாரும் வாங்க மாட்டார்கள், குப்பைக்குத்தான் போகும். வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வஹினியும் எப்சிபாவும் போய் அந்த மிச்சத்தை அள்ளி வருவார்களாம். லட்சுமிக்கு வந்து மிஞ்சிய இலைதான் இத்தனை வருஷமும் எங்கள் மேஜையில் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்திருக்கிறது. இரு தரப்பிலிருந்தும் இதுவரை புகார் இல்லை.

"அவள்தான் இங்கே இல்லையே, ஏன் எடுத்து வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்தது. கால் தன்னால போச்சு" என்றார்.

மாடிக்கு வந்து சாதரைப் பிரித்தோம். பிரித்தோம் என்றால் நான் பிரித்தேன், வஹினி அதிகாரம் செய்தார். ஒவ்வொரு பூவாகப் பச்சைப் பஞ்சிலிருந்து பிடுங்க, விரல் நுனியெல்லாம் பச்சைத் தூளாயிற்று. சிலுவை ரோஜாக்கள் மட்டும் பிடுங்கக் கை வரவில்லை. வஹினி மெதுவாக எடுத்து ஒரு கிண்ணத்தில் மிதக்க விட்டார். காலிப் பஞ்சையும் தட்டியையும் பண்டிகை முடிந்ததும் வேலாயுதத்திடம் திருப்பிக் கொடுத்தேன். "பரவால்ல, அடுத்த ஆளுக்கு ஆகும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலை சர்ச் முடிந்து வந்ததும் கிரில் தொட்டியில் டிசம்பர் பூக்களைக் கிள்ளினேன். அவள் போனபின் தண்ணீர் ஊற்றியதெல்லாம் நானேதான். அநேகமாகச் செத்துவிடும் என்று பயந்த செடி, அத்தனை ஊதாவாகப் பூத்திருந்தது. யாருக்காக என்று எரிச்சல்கூட வந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மணம் இல்லை. எப்போதும்போல, ஈரம் மட்டும்.

பட்டன் பாட்டில்களில் வெள்ளையும் ஊதாவும் வைத்தேன். இடையிடையே இலை. சாக்பீஸ் கோடு இப்போது இல்லை, ஆனால் பலகையில் கத்தரி இழுத்த கீறல்கள் உண்டு. அதையொட்டியே வைத்துக்கொண்டு போனேன். வடாலாவிலிருந்து என் தம்பியும் அவன் மனைவியும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். தம்பி மேஜையைப் பார்த்து, "நல்லாருக்குண்ணே. இதுக்கா பில்டிங்கே அழுதுச்சு?" என்றான். அதற்குள் விஷயம் வடாலா வரைக்கும் போயிருக்கிறது.

பரிமாறி, உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் போன் போட்டேன். அங்கே இரவு உணவு முடிந்திருந்தது. எப்சிபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். நான் போனை மேஜை நெடுகக் காட்டினேன். ஒரு கைடு மாதிரி பேசினேன். இது ஜுன்னர் செவ்வந்தி, ஊர்ப் பெயர்தான் சொன்னான், ஏர்போர்ட் இல்லை. இது வஹினியின் இலை. இது உன் தொட்டிப் பூ. பஞ்சு இல்லை பிரிசி, பார்த்துக்கோ, வெறும் தண்ணீர். எல்லாம் இந்த மாசத்துப் பூ, எல்லாம் பக்கத்து ஊர், முடிந்ததும் தொட்டிக்கே உரம்.

எப்சிபா ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பாட்டில் வந்தது. காட்ட இனி ஒன்றுமில்லை. திட்டப்படி இந்த இடத்தில் அவள் கண் கலங்க வேண்டும், ஏக்கத்தில் தவிக்க வேண்டும், 'என்னால இங்க இருக்க முடியாதுங்க' என்று அவளாகவே சொல்ல வேண்டும். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று பிரிசில்லாவுக்குப் பின்னால் நின்றபடி பார்த்தாளே, அதே பார்வை.

போனை என் பக்கம் திருப்பினேன்.

"டிக்கெட்ட மாத்தாத எப்சி. வந்துரு. நீ இல்லாம என்னால முடியல."

தம்பியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தம்பி மனைவி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எப்சிபா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டினாள். பிறகு பக்கவாட்டில் திரும்பினாள்.

"ஏட்டி பிரிசி, கேட்டுக்கிட்டியா? டிக்கெட்டு அப்படியே இருக்கட்டும். வேணும்னா கோடைக்கு ரெண்டு பேருமா வாரோம்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதச் சொல்லதுக்கா இம்புட்டுப் பூவு?"